விளையாட்டிற் குறிக்கோள்

குறிக்கோள் என்பது பொருள் செறிந்ததொரு சொல். குறி என்பது அடையாளம். கோள் என்பது கொள் என்னும் வினையடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆகவே, ஓர் அடையாளத்தை முன்னே நாட்டி, அதனைத் தனதாக்கிக் கொள்ளுதலே குறிக்கோள் எனப்படும். அடையாளம் நாட்டப்படாதவிடத்துக் கொள்ளுதற்கும் ஒன்றில்லை. வகுப்பிலே இலக்கணம் பயிலுங்கால் இச்சொல்லின் அமைப்பைக் கேட்டு மகிழ்ந்த யான், மாலையில் விளையாட்டு வெளியை அடையுந்தோறும், அங்கே பயில்வார் பலரிடத்து ஆசை மிகுதியாகவும் குறிக்கோள் அரிதாகவும் இருத்தலைக் காண்கின்றேன்.

ஓடுகின்ற நண்பர் ஒருவரை நிறுத்தி, "இவ்வாண்டு நீர் யாது கருதிப் பயில்கின்றீர்?" என வினவின், "வெல்லுதல் வேண்டும்" என்பார், அன்றி, "நன்றாக ஓடுதல் வேண்டும்" என்பார். இவ்விரண்டும் நல்ல ஆசைகளே. ஆயினும் வெல்லுதல் என்பது எதிரே நிற்பவர் யாவர் என்பதனைப் பொறுத்தது. நன்றாக ஓடுதல் என்பதற்கோ அளவே இல்லை. அளவில்லாத ஒன்றை அடைந்தோமா இல்லையா என அறிவதெங்ஙனம்? இது பற்றியே இக்கட்டுரை எழுந்தது. விளையாட்டில் ஈடுபடுவோர் தம் குறிக்கோளைப் பிறரை வெல்லுதலின்மேல் மட்டும் வையாது, தம் சொந்த அளவின்மேலும், அவ்வளவை ஈட்டித் தரும் அன்றாடச் செயலின்மேலும் வைத்தல் வேண்டும். அவரை வளர்க்கும் கல்லூரியும் அம்முறையானே அவரை மதித்தல் வேண்டும் என்பதே யான் கூற விழைவது.

உடற்பயிற்சி நூலார் விளையாட்டுக் குறிக்கோளை மூவகையாகப் பகுப்பர். முதலாவது முடிவுபற்றியது, முதற்பரிசு பெறுதல், எதிர் அணியை வெல்லுதல் போல்வன. இரண்டாவது அளவுபற்றியது, இத்தனை விநாடிக்குள் ஓடுதல், இத்தனை மீட்டர் எறிதல் போல்வன. மூன்றாவது செயல்பற்றியது, கைகளை இவ்வாறு வீசுதல், மூச்சை இவ்வாறு விடுதல், வாரத்தில் இத்தனை நாள் பயிலுதல் போல்வன. முடிவு பிறர் கையிலும் நம் கையிலும் பங்குபட்டுக் கிடப்பது. அளவு பெரும்பாலும் நம் கையது. செயலோ முற்றும் நம் கையது. உள்ளத்தின் இயல்பை ஆராய்ந்த எட்வின் லாக் என்னும் அமெரிக்க அறிஞர், தெளிவும் சற்றே அருமையும் உடைய குறிக்கோள், 'இயன்றவரை செய்' என்னும் பொதுமொழியினும் மிகுந்த பயன் தரும் என 1968-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். பின்னர் அவரும் கேரி லேதம் என்பாரும் சேர்ந்து 1990-ஆம் ஆண்டில் அக்கொள்கையை விரிவான நூலாக வெளியிட்டனர். குறிக்கோள் அருமையுடையதாயினும் எட்டக்கூடியதாதல் வேண்டும் என்பதும், அடைந்த நிலையை அவ்வப்போது அளந்து அறிதல் வேண்டும் என்பதும் அக்கொள்கையின் உறுப்புக்களாம்.

முடிவும் அளவும் வெவ்வேறு என்பதற்கு நம் நாட்டு ஈட்டி வீரர் நீரஜ் சோப்ராவின் வரலாற்றினும் தெளிவான சான்று வேண்டா. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் தோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் 87.58 மீட்டர் எறிந்து பொற்பதக்கம் பெற்றார். 2022-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரிலே 89.94 மீட்டர் எறிந்தார். 90 மீட்டர் என்னும் எல்லைக்கு எஞ்சியது 6 சென்டிமீட்டரே. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் எறிந்தது 89.45 மீட்டர். இது தோக்கியோவிற் பொன் தந்த எறியினும் 1.87 மீட்டர் மிகுதி. எனினும், பாகிஸ்தானத்து அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்தமையால், சோப்ராவுக்குக் கிடைத்தது வெள்ளியே. இறுதியாக 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் தோஹா நகரிலே 90.23 மீட்டர் எறிந்து, நெடுநாள் விழைந்த எல்லையைக் கடந்தார். அன்றும் ஜெர்மனி நாட்டு ஜூலியன் வெபர் தம் கடைசி எறியில் 91.06 மீட்டர் எறியவே, சோப்ரா இரண்டாமிடமே பெற்றார். குறைந்த எறி பொன்னைத் தந்தது. மிகுந்த எறி வெள்ளியையும் இரண்டாமிடத்தையும் தந்தது. பதக்கத்தை மட்டும் நோக்குவார், இவர் தோக்கியோவுக்குப் பின் தேய்ந்தார் என்பர். அளவை நோக்குவாரோ, இவர் வளர்ந்தார் என்பர். உண்மை எப்பாலது என்பதனை அன்பர்களே ஓர்க.

தோல்வி என எண்ணப்பட்டதோர் அளவு, பிறர்க்குக் குறிக்கோளாய் நின்று பயன்பட்டதும் உண்டு. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடையோட்டத்தில் பி. டி. உஷா 55.42 விநாடியில் ஓடி நான்காமிடம் பெற்றார். மூன்றாமவர்க்கும் அவர்க்கும் இடைப்பட்டது ஒரு விநாடியின் நூற்றில் ஒரு கூறு. அன்று நாடெங்கும் எழுந்த ஏக்கம் இன்றும் பேசப்படுகின்றது. ஆனால் அந்த 55.42 என்னும் எண் வீணாய்ப் போகவில்லை. இந்தியப் பெண்டிர்க்கு அஃதே அளவுகோலாய் நெடுங்காலம் நின்றது. 39 ஆண்டுகள் கழித்து, 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் சீன நாட்டு ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுக்களில், நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றிலே அதே 55.42 விநாடியில் ஓடி அதனைச் சமன் செய்தார். இறுதி ஓட்டத்தில் வெண்கலமும் பெற்றார். பதக்கமின்றி முடிந்த ஓட்டம் ஒன்று, அடுத்த தலைமுறையினர்க்கு நாட்டிய குறியாய் அமைந்தமை காண்க.

முடிவைக் கைவிட்டு அளவைப் பற்றியவர் ஒருவரது வரலாறும் நாம் அறிதற்பாலது. இங்கிலாந்து நாட்டு ராஜர் பானிஸ்டர் மருத்துவக் கல்லூரி மாணவர். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் வெல்லுதலே அவர் கருத்து. எதிர்பாரா வகையில் அரையிறுதிச் சுற்று ஒன்று கூட்டப்படவே, அளவாகப் பயின்றிருந்த அவர் களைத்து நான்காமிடமே பெற்றார். சுற்றுக்களை வகுப்பது அவர் கையிலா இருந்தது? அதன்பின் அவர் மேற்கொண்ட குறிக்கோள் ஓர் எண்: ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடுதல். அது காறும் எவரும் அதனைச் செய்திலர். ஸ்வீடன் நாட்டு குண்டர் ஹாக் 1945-ஆம் ஆண்டில் ஓடிய 4 நிமிடம் 1.4 விநாடியே தலையாய அளவாக இருந்தது. மைல் என்பது நான்கு சுற்று. ஆகவே ஒரு சுற்று 60 விநாடி. பானிஸ்டர் இவ்வெண்ணையே பயிற்சியாக்கினார். கால் மைல் ஓட்டம் பத்து, இடையிடையே இரண்டு நிமிட ஓய்வு, இதுவே பாடம். 1953-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒவ்வொன்றும் 66 விநாடியாயிருந்தது. அடுத்த ஏப்ரலில் 61 விநாடியாயிற்று. அதற்குமேல் எத்துணை முயன்றும் குறைந்திலது. அப்பொழுது அவர் செய்ததென்னை? ஓட்டத்தை நிறுத்திவிட்டு, நண்பருடன் ஸ்காட்லாந்து மலைகளில் ஏறிச் சில நாள் கழித்தார். மீண்டு வந்து ஓடியபோது 59 விநாடியாயிற்று. 1954-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரிலே, கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் முறையே முன்னோடி வேகம் தர, அவர் 3 நிமிடம் 59.4 விநாடியில் மைலை முடித்தார்.

இவ்வரலாறு நமக்குணர்த்துவன மூன்று. பெரிய குறிக்கோளைச் சிறு கூறுகளாக வகுத்தல் வேண்டும். வளர்ச்சி நின்றவிடத்து வன்மையாக மோதாது, ஓய்ந்து மீளுதல் வேண்டும். நண்பர் துணையை நாடுதல் இழுக்கன்று. நம்மிற் சிலர், ஓய்வு கொள்ளுதலைச் சோம்பல் என்றும், திட்டத்தை மாற்றுதலைத் தோல்வி என்றும் கருதிக் கணுக்கால் வீங்கிய பின்னும் ஓடுகின்றனர். குறிக்கோள் நமக்குப் பணி செய்தற்குரியது; நாம் அதற்கு அடிமையாதல் ஆகாது.

இனி, மூன்றாவதாகிய செயற் குறிக்கோளுக்குச் சான்று எட்வின் மோசஸ். இவர் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து மோர்ஹவுஸ் கல்லூரியிற் பௌதிகம் பயின்ற மாணவர். அக்கல்லூரிக்கு அன்று ஓடுபாதையே இல்லை. அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளின் பாதைகளிலே இவர் பயின்றார். 400 மீட்டர் தடையோட்டத்தில் தடைகள் பத்து. ஒரு தடைக்கும் மறு தடைக்கும் இடையே 35 மீட்டர். ஏனைய வீரர் களைப்பு மிக மிக 14, 15 எனத் தம் அடிகளை மாற்றிக்கொள்ளும் வழக்கினர். மோசஸோ முதல் தடையிலிருந்து கடைசித் தடைவரை ஒவ்வோர் இடைவெளியையும் 13 அடிகளிலே கடப்பதனைத் தம் நெறியாகக் கொண்டார். 13 என்பது எதிரியைச் சாராதது, பரிசைச் சாராதது, தம் காலைச் சார்ந்தது. 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 47.63 விநாடியில் உலக அளவை வென்று பொன் பெற்ற இவர், 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 ஓட்டங்களில் தோல்வியறியாதவராய் விளங்கினார். முடிவுகள் அவரைத் தேடி வந்தன; அவர் எண்ணிக்கொண்டிருந்தது அடிகளையே.

"இவரெல்லாம் உலகப் பெருவீரர், நம் போன்றார்க்கு இவை எங்ஙனம் பொருந்தும்?" என வினவுவாரும் உளர். மிகவும் பொருந்தும். நம் கல்லூரி மாணவர் ஒருவர் 1,500 மீட்டரை 5 நிமிடம் 10 விநாடியில் ஓடுகின்றார் எனக் கொள்வோம். அவர் 5 நிமிடத்தை எட்ட விழைகின்றார். இத்தூரம் 400 மீட்டர்ச் சுற்றுக்கள் மூன்றே முக்கால் ஆகும். கணக்கிட்டால், இப்போது அவர் ஒரு சுற்றுக்குக் கொள்ளும் காலம் ஏறத்தாழ 82.7 விநாடி, வேண்டுவது 80 விநாடி. பத்து விநாடி என அஞ்சத்தக்கதாய்த் தோன்றியது, சுற்றுக்கு 2.7 விநாடி எனச் சுருங்கிவிட்டது. முதல் மாதத்தில் 5 நிமிடம் 6 விநாடி, அதாவது சுற்றுக்கு 81.6, இரண்டாம் மாதத்தில் 5 நிமிடம் 3 விநாடி, சுற்றுக்கு 80.8; மூன்றாம் மாதத்தில் 80 என வகுத்துக் கொள்வாராயின், ஒவ்வொரு படியும் கால் எட்டும் உயரத்ததாகும். வாரம் ஒரு நாள் 400 மீட்டரை ஆறு முறை அம்மாத அளவிலே ஓடுதல், ஒரு நாள் மெல்ல நெடுந்தூரம் ஓடுதல், ஒரு நாள் முழு ஓய்வு எனச் செயலையும் வகுத்துக்கொள்க. இதற்கு வேண்டுவன ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு, ஒரு நண்பர், இவ்வளவே.

குறிப்பேட்டைச் சிறியதென எண்ணற்க. எழுதாத குறிக்கோள் நாளடைவில் உருமாறிவிடும். பயின்ற நாள், ஓடிய காலம், உறங்கிய மணி, உடலில் தோன்றிய நோவு ஆகியவற்றை நாடோறும் இரண்டு வரியில் எழுதி வருவாராயின், தம் வளர்ச்சியும் தளர்ச்சியும் தமக்கே புலனாகும். ஆயின், புதிதாக ஒரு திறனைக் கற்பவர் தொடக்கத்திலேயே எண்ணை நாடுதல் நன்றன்று. உயரம் தாண்டுதலை நேற்றுத் தொடங்கியவர் கோலின் உயரத்தை எண்ணாது, ஓடி வரும் வளைவையும் கால் ஊன்றும் இடத்தையும் செம்மை செய்தலையே குறிக்கோளாகக் கொள்க. எண் பின்னர் வரும்.

போட்டி நாளுக்குரிய குறிக்கோள் பயிற்சிக் காலத்ததினும் வேறு. அன்று உள்ளத்திற் பலவற்றைத் திணித்தல் தீது. கூட்டத்தின் ஆரவாரம், எதிர் ஓட்டக்காரரின் உயரம், மேசைமேல் ஒளிரும் கிண்ணம் ஆகிய இவையெல்லாம் கருத்தைக் கவரும். அவ்வேளையிற் கைகொடுப்பன சின்னஞ்சிறு செயல்களே. 'முதற் சுற்றை 80 விநாடிக்கு மேல் விரையேன். மூன்றாம் சுற்றில் தோள்களைத் தளர விடுவேன்' என்னும் இரண்டு மொழிகள் போதும். கிண்ணத்தை நினைந்து ஓடுபவர் முதற் சுற்றிலேயே ஆற்றலைச் செலவிட்டுக் கடைசிச் சுற்றில் நடக்கின்ற காட்சியை ஆண்டுதோறும் நம் விளையாட்டு விழாவிலே காண்கின்றோமல்லமோ?

"வெற்றி வேண்டாவெனின் போட்டி எதற்கு?" எனக் கேட்பார்க்கு விடை இது. வெற்றி வேண்டாவென யான் கூறவில்லை. வெற்றி நாம் செல்லும் திசையைக் காட்டும். நம்மைக் காலையில் எழுப்பும். அவ்வளவிற்கு அது நன்று. ஆனால் திசை வேறு, அடி வேறு. வெற்றி ஒன்றனையே குறிக்கொண்டார்க்கு இரண்டு இடர்கள் உண்டு. எதிரி எளியராயின் முயற்சி குன்றும். எதிரி வலியராயின் ஊக்கம் குன்றும். அன்றியும், எவ்வாறாயினும் வெல்லுதல் என்னும் எண்ணமே, உலகப் பெருவீரர் சிலரைத் தடுக்கப்பட்ட மருந்துகளை உண்ணச் செய்து, பெற்ற பதக்கத்தையும் திருப்பிக் கொடுக்கும் இழிநிலைக்கு உய்த்தது. 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய கனடா நாட்டு பென் ஜான்சன் மூன்றாம் நாளே பதக்கம் இழந்ததனை நினைவு கூர்க.

இதுகாறும் வீரரை நோக்கிக் கூறினேன். இனிக் கல்லூரியை நோக்கி ஒரு விண்ணப்பம். நம் விளையாட்டு விழாவிலே ஒவ்வொரு போட்டிக்கும் மூவர் பரிசு பெறுகின்றனர். எஞ்சியோர் பெயரும் அளவும் எங்கும் எழுதப்படுவதில்லை. நான்காவதாக வந்த முதலாண்டு மாணவர் தாம் எத்தனை விநாடியில் ஓடினார் என்பதனைத் தாமும் அறியார். மறு ஆண்டு அவர் கூட்டத்தின் நடுவே நின்று கை தட்டுபவராகிவிடுகின்றார். வளர்ந்திருக்கக்கூடிய ஓர் ஓட்டக்காரரை இவ்வாறு நாமே இழக்கின்றோம். மாணவியரிடத்து இவ்விழப்பு இன்னும் மிகுதி என்பதனை ஓடுபாதையை ஒருமுறை நோக்கினார் அறிவர்.

ஆதலின், உடற்பயிற்சித் துறையினர் ஒவ்வொரு மாணவ மாணவியர்க்கும் ஓர் அளவேடு வைத்து, ஆண்டுக்கு மும்முறையேனும் அளந்து பதிவார்களாக. விழா நாளில் ஓடுவோர் பெயரை அறிவிக்கும்போதே, அவர்தம் முந்திய சிறந்த அளவையும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்களாக. தம் பழைய அளவினும் மிக உயர்ந்தவர்க்கு எனத் தனியே ஒரு கிண்ணம் வைப்பார்களாக. பழைய மாணவர்களிற் பொருளுடையார் எவரேனும் இக்கிண்ணத்தை நல்குவராயின் அவர்க்கு நன்றி என்றும் உரியது. இம்முறையில் ஒரு குற்றம் காட்டப்படலாம். பரிசை விரும்பி முதல் அளவையிலே வேண்டுமென்றே மெல்ல ஓடுவார் உண்டாவர் என்பதே அது. உண்மை. ஆயினும் ஒருநாள் அளவோடு ஒப்பிடாது, அதுகாறும் பெற்ற அளவுகள் யாவற்றுள்ளும் சிறந்ததனோடு ஒப்பிட்டால், ஒவ்வோர் அளவையிலும், வகுப்பிடைப் போட்டியிலும் ஒருவர் மெல்ல ஓடியே காலம் கழித்தல் எளிதன்று. இக்குற்றம் பற்றி நன்மையைக் கைவிடுதல், களைக்கு அஞ்சி விதையாதொழிதலை ஒக்கும்.

நண்பர்களே, நம்மில் ஒலிம்பிக் அரங்கை மிதிப்பவர் ஆயிரத்தில் ஒருவரும் இலர். எனினும் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. அது சென்ற மாதம் நாம் ஓடிய காலம், தாண்டிய உயரம், எறிந்த தொலைவு. அவ்வெண்ணை இன்றே எழுதிக்கொள்க. அதனினும் சிறிதே மேம்பட்டதோர் எண்ணை அதன் கீழ் எழுதுக. இரண்டிற்கும் இடையே நாளைக் காலை செய்யவேண்டுவது யாதென எழுதுக. இம்மூன்று வரியும் எழுதப்பெற்ற ஏட்டினை உடையாரே குறிக்கோள் உடையார்.